‘எதிர்ச்சொல்’ என்று சொன்னால் மட்டும் போதாது: ஒப்புமை வினாக்கள் பற்றிய கேள்வி-பதில்

‘இரவு : பகல் :: மேடு : ?’ (இரவுக்குப் பகல் எப்படியோ, அப்படி மேட்டுக்கு எது?) என்ற வடிவில் வரும் வினாக்களைப் பற்றிச் சிங்கப்பூரின் பல பகுதிகளிலிருந்து பெற்றோர், மாணவர், துணைப்பாட ஆசிரியர் ஆகியோர் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

என் மகள் தொடக்கநிலை 5 படிக்கிறாள். எதிர்ச்சொல்லைத் தனியாகக் கேட்டால் டக்கென்று சொல்லிவிடுகிறாள். அதையே ஒப்புமையாகக் கொடுத்தால் தவறு செய்கிறாள். எங்கே கோளாறு? (ஈசூன்)

முதல் இணையைப் பார்த்ததும் “இது எதிர்ச்சொல்” என்று முடிவுகட்டிவிட்டு மூன்றாவது சொல்லுக்குத் தாவுகிறாள். எதிர்ச்சொற்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. எந்த வகை என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்துவைக்க வேண்டும்.

உண்மை : பொய், உயிருள்ள : உயிரற்ற. இவற்றுக்கு நடுவே எதுவும் கிடையாது. ஒன்று இல்லையென்றால் மற்றதுதான். சூடான : குளிர்ந்த என்பது வேறு வகை. நடுவே வெதுவெதுப்பு இருக்கிறது. இந்தப் பக்கம் கொதிப்பது, அந்தப் பக்கம் உறைந்தது என்று இரண்டு கோடிகளும் இருக்கின்றன. மடி : விரி, ஏறு : இறங்கு போன்றவை, செய்த செயலை மாற்றிச் செய்வதைக் குறிப்பவை. விற்பவர் : வாங்குபவர், கடன் கொடுத்தவர் : கடன் வாங்கியவர் என்பவை உறவைக் காட்டும் எதிர்கள்; ஒருவர் இல்லாமல் மற்றவர் இருக்கவே முடியாது.

தவறு அதிகம் நடப்பது இரண்டாவது வகையில்தான். இந்த வினாவைப் பாருங்கள்:

கொதிக்கும் : உறைந்த :: பிரம்மாண்டமான : ?
(1) சிறிய (2) நுண்ணிய (3) பெரிய (4) நடுத்தரமான

அவசரப்படும் பிள்ளை (1) என்று குறிக்கும். பெரியதற்கு எதிர் சிறியதுதானே என்று தோன்றும். ஆனால் முதல் இணை இரண்டு கோடிகளையும் தொடுகிறது. பிரம்மாண்டம் ஒரு கோடி என்றால், மறு கோடியில் நிற்பது ‘நுண்ணிய’. வினா ‘சூடான : குளிர்ந்த :: பெரிய : ?’ என்று இருந்தால் ‘சிறிய’ சரியாகிவிடும். மூன்றாவது சொல்லின் பொருளை மட்டுமல்ல, அதன் கடுமையையும் எடைபோட வேண்டும்.

மகளுக்கு இந்த வரிசையைப் பழக்குங்கள். முதலில் விடைகளை விரலால் மறைத்துக்கொள்ளட்டும். முதல் இரண்டு சொற்களையும் சேர்த்து ஒரு வாக்கியம் சொல்லட்டும்: “சூட்டின் உச்சம் கொதிப்பது, குளிரின் உச்சம் உறைவது.” அதே வாக்கியத்தின் அச்சில் மூன்றாவது சொல்லைப் போட்டு, தன் விடையைத் தானே சொல்லட்டும். அதன் பிறகுதான் விரலை எடுத்து, சொன்ன விடைக்கு நெருக்கமானது எது என்று தேட வேண்டும். விடைகளை முதலில் பார்த்துவிட்டால் கண்ணுக்குப் பழகிய சொல் இழுத்துக்கொள்ளும். கடைசியாக நான்கு சொற்களையும் சேர்த்து ஒருமுறை வாய்விட்டுப் படித்தால் பொருந்தாதது காதிலேயே தட்டும். “எதிர்” என்ற சொல் அவளுடைய வாக்கியத்தில் வந்தால் ஏற்காதீர்கள். எப்படி எதிர் என்று அவள் சொல்லியாக வேண்டும்.

‘கட்டு : அவிழ் :: பூட்டு : ?’ என்பதற்கு ‘சாவி’ என்று எழுதினேன். பூட்டும் சாவியும் ஜோடிதானே? (தெம்பனீஸ், தொடக்கநிலை 6 மாணவர்)

ஜோடிதான், ஆனால் இங்கே கேட்டது அந்த ஜோடியை அல்ல. ‘கட்டு’ என்பது பெயராகவும் வரும் (விறகுக் கட்டு), வினையாகவும் வரும் (கயிற்றைக் கட்டு). ‘பூட்டு’ என்பதும் அப்படியே. ஆனால் ‘அவிழ்’ என்பது இன்றைய வழக்கில் வினை மட்டும்தான். அந்த ஒரு சொல்லே ‘கட்டு’, ‘பூட்டு’ இரண்டையும் வினையாக்கிவிடுகிறது. ஆகவே விடை ‘திற’. இரு பொருள் கொண்ட சொல் வந்தால், நான்கில் எந்தச் சொல்லுக்கு ஒரே பொருள் என்று பாருங்கள். அதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை வழிக்கு வந்துவிடும்.

இதே காரணத்தால் வடிவமும் பொருந்த வேண்டும். ‘பெரிய : சிறிய’ என்ற இணைக்கு எதிரே ‘நீளமான : குட்டை’ என்று எழுதினால் பொருள் சரி, வடிவம் தவறு. ‘குட்டையான’ என்று இருக்க வேண்டும். விடைகளில் சிறிய, சிறியது, சிறிது, சிறுமை என நான்கும் வரிசையாக நின்றால், அந்த வினா சோதிப்பது வடிவத்தைத்தான். அதிலும் ‘சிறுமை’ அளவைவிட இழிவையே அதிகம் குறிக்கும். அதற்கு இணை ‘பெருமை’.

வீட்டில் ஆங்கிலம்தான் அதிகம். என் பையன் தாத்தாவை “பழைய மனிதர்” என்கிறான். இது எதிர்ச்சொல் வினாக்களையும் கெடுக்குமா? (உட்லண்ட்ஸ்)

கெடுக்கும். ஆங்கிலத்தில் ‘ஓல்டு’ என்ற ஒரே சொல் செய்யும் வேலையைத் தமிழில் இரண்டு சொற்கள் பங்கிட்டுக்கொள்கின்றன: பழைய : புதிய என்பது பொருளுக்கு, முதிய : இளைய என்பது ஆளுக்கு. ‘லைட்’ என்பதும் அப்படியே. எடை என்றால் இலேசு : கனம், ஒளி என்றால் வெளிச்சம் : இருட்டு. பையன் மனத்துக்குள் ஆங்கிலத்துக்கு மாற்றி, அங்கே எதிர்ச்சொல்லைக் கண்டுபிடித்து, மீண்டும் தமிழுக்குக் கொண்டுவருகிறான். இரண்டு முறை மாற்றும்போது சொல் தடம்மாறிவிடுகிறது. தனிச்சொல்லாகப் படிக்க வைக்காமல், எதனோடு சேருமோ அதனோடு சேர்த்துப் பழக்குங்கள்: பழைய சட்டை : புதிய சட்டை, முதியவர் : இளையவர், இலேசான பை : கனமான பை. ஒரு மாதம் இப்படிச் செய்தால் வித்தியாசம் தெரியும்.

‘அ’ சேர்த்தால் எதிர்ச்சொல் வந்துவிடும் என்று பயிற்சித்தாளில் இருக்கிறது. நம்பலாமா? (ஜூரோங் வெஸ்ட்)

பாதி நம்பலாம். நீதி : அநீதி, நியாயம் : அநியாயம், அவசியம் : அநாவசியம், ஏகம் : அநேகம். இவை வடமொழி வழி வந்த சொற்கள். ‘நன்மை’, ‘தூய்மை’ போன்ற தமிழ்ச் சொற்களோடு அந்த முன்னொட்டு ஒட்டாது. ஒட்டும் இடத்திலும் கவனம் வேண்டும்: ‘ஆதி’க்கு எதிர் ‘அந்தம்’. ‘அநாதி’ என்றால் தொடக்கமே இல்லாதது; அது வேறு.

தமிழில் எதிர்மறை பெரும்பாலும் சொல்லின் பிற்பகுதியில் வரும். அறிவு : அறியாமை, கல்வி : கல்லாமை. இங்கும் ஒரு பெரிய குழி இருக்கிறது. ‘பொறுமை’க்கு எதிர் ‘பொறாமை’ என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். ‘பொறு’ என்பதன் எதிர்மறையாகப் பிறந்த சொல்தான் அது. ஆனால் இன்று அதன் பொருள் பிறர் வாழப் பொறுக்காத குணம் மட்டுமே. பொறுமைக்கு எதிர் வேண்டுமென்றால் ‘பொறுமையின்மை’ என்று எழுதுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எதிர்மறை வேறு, எதிர்ச்சொல் வேறு. ‘சிரித்தான் : சிரிக்கவில்லை’ என்பது எதிர்மறை, ‘சிரித்தான் : அழுதான்’ என்பது எதிர்ச்சொல். சிரிக்காதவன் அழுதுகொண்டிருக்க வேண்டும் என்பதில்லை.

‘நன்மை : தீமை’ போன்ற இணையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, ‘துன்பம் : இன்பம்’, ‘புகழ் : இகழ்ச்சி’ இரண்டையும் கொடுத்திருந்தார்கள். இரண்டுமே எதிர்தானே? (செங்காங்)

வரிசையைப் பாருங்கள். நன்மை முதலில், தீமை பின்னால். அதாவது வேண்டியது முன், வேண்டாதது பின். ‘புகழ் : இகழ்ச்சி’ அதே வரிசை. ‘துன்பம் : இன்பம்’ தலைகீழ். இணையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களில், ஒவ்வொரு சொல்லின் தலையிலும் பென்சிலால் கூட்டல் குறி அல்லது கழித்தல் குறி போட்டால் நொடியில் தெரிந்துவிடும்.

ஆனால் எதிர்மறை வடிவத்தைப் பார்த்ததும் கழித்தல் குறி போட்டுவிடக் கூடாது. திருக்குறள் அதிகாரத் தலைப்புகளே இதற்கு நல்ல பயிற்சி. 17ஆம் அதிகாரம் அழுக்காறாமை, 29ஆம் அதிகாரம் கள்ளாமை, 33ஆம் அதிகாரம் கொல்லாமை. மூன்றும் வடிவத்தில் எதிர்மறை; பொருளிலோ நற்பண்புகள். 40ஆம் அதிகாரம் கல்வி, அடுத்தது கல்லாமை; 55 செங்கோன்மை, அடுத்தது கொடுங்கோன்மை. இவை அப்படியே கூட்டல், கழித்தல் வரிசையில் அமைந்த ஆயத்த இணைகள்.

‘ஏற்றம் : ?’ என்பதற்கு மகன் ‘இரக்கம்’ என்று எழுதிவிட்டான். (பிடோக்)

இறக்கம் என்றால் கீழே இறங்குவது. இரக்கம் என்றால் கருணை. நிறை : குறை என்ற இணையில் ‘நிரை’ நுழைவதும், அரிது என்று எழுத வேண்டிய இடத்தில் ‘அறிது’ நுழைவதும் இதே கதை. வினைச்சொல்லுக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்: இறங்கு என்பதிலிருந்து இறக்கம், இரங்கு என்பதிலிருந்து இரக்கம்.

‘எளிமை’க்கு ஒரு மாணவி ‘ஆடம்பரம்’ என்றும் இன்னொருத்தி ‘கடினம்’ என்றும் எழுதினார்கள். யாருக்கு மதிப்பெண் கொடுப்பது? (பொங்கோல், துணைப்பாட ஆசிரியர்)

தனிச்சொல்லாகக் கேட்டிருந்தால் இருவருக்கும் கொடுங்கள். வாழ்க்கை முறை என்றால் எளிமை : ஆடம்பரம், வேலையின் தன்மை என்றால் எளிமை : கடினம், ஆட்களைச் சொல்லும்போது எளியோர் : வலியோர். ஒப்புமையாகக் கேட்டிருந்தால் முதல் இணைதான் தீர்ப்பு சொல்ல வேண்டும். ‘சிக்கனம் : ஊதாரித்தனம் :: எளிமை : ?’ என்றால் ஆடம்பரம்தான். முதல் இணை எந்தப் பக்கமும் சாயவில்லை என்றால் பிழை வினாவில் இருக்கிறது, மாணவியிடம் இல்லை. அந்த வினாவை மாற்றிவிடுங்கள்.

நீங்களே வினா தயாரிக்கும்போது நான்கு விடைகளை இப்படி அமைத்தால் மாணவர் எங்கே சறுக்குகிறார் என்று தெரிந்துவிடும்: சரியான விடை ஒன்று, மூன்றாவது சொல்லுக்கு ஒத்த பொருள் தரும் சொல் ஒன்று, அதோடு தொடர்பு மட்டும் உள்ள சொல் ஒன்று, பொருள் சரியாக இருந்தும் வடிவமோ கடுமையோ பொருந்தாத சொல் ஒன்று. ஒத்த சொல்லைக் குறிப்பவர் உறவை மறந்துவிட்டார். தொடர்புச் சொல்லைக் குறிப்பவர் முதல் இணையைப் படிக்கவே இல்லை. கடைசியதைக் குறிப்பவர் கிட்டத்தட்ட வந்துவிட்டார். அவருக்கு வேறு வகைப் பயிற்சி தேவை.

அமெரிக்கத் தேர்வுகளிலிருந்தே ஒப்புமை வினாக்களை எடுத்துவிட்டார்களாமே?

கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்விலிருந்து 2005இலும், பட்டமேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்விலிருந்து 2011இலும் நீக்கினார்கள். ஜிஆர்இயில் தனி எதிர்ச்சொல் வினாக்களும் அப்போதே போய்விட்டன. அவற்றின் இடத்தில் வாக்கியச் சூழலில் சொல்லைக் கேட்கும் வினாக்கள் வந்தன. சூழலில்லாமல் சொற்பட்டியலை மனப்பாடம் செய்யத் தூண்டுகிறது என்ற குறை நியாயமானதே. வாக்கியம் அமைக்கச் சொல்லிப் பழக்கினால் அந்தக் குறை உங்கள் வீட்டுப் பயிற்சியில் வராது.

கணினியில் ஒரு சொல்லுக்கு நெருக்கமான சொற்களைத் தேடினால் எதிர்ச்சொல்லும் சேர்ந்து வருகிறது. ஏன்? (கிளமெண்டி)

2013இல் கூகல் ஆய்வாளர்கள் வெளியிட்ட வேர்ட்2வெக் போன்ற முறைகள், ஒரு சொல் எந்தச் சொற்களுக்கு அருகில் வருகிறது என்பதை வைத்தே அதற்கு இடம் ஒதுக்குகின்றன. “தேநீர் சூடாக இருக்கிறது”, “தேநீர் ஆறிப்போய் இருக்கிறது” ஆகிய இரண்டிலும் அக்கம்பக்கத்துச் சொற்கள் ஏறக்குறைய ஒன்றே. அதனால் எதிர்ச்சொற்கள் அந்த வரைபடத்தில் அண்டை வீட்டார் ஆகிவிடுகின்றன. செயலி தரும் பட்டியலை அப்படியே பயிற்சித்தாளில் ஏற்றாமல் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

வீட்டில் தினமும் எவ்வளவு பயிற்சி கொடுக்கலாம்?

ஐந்து வினா போதும், பத்து நிமிடம். இருபது கொடுத்தால் பிள்ளை வாக்கியம் சொல்வதை நிறுத்திவிட்டு ஊகிக்க ஆரம்பித்துவிடும். வாரத்தில் ஒருநாள் பிள்ளையே நான்கு விடைகளோடு ஒரு வினா அமைத்து உங்களிடம் கேட்கட்டும். தவறான விடைகளை யோசிக்கும்போதுதான் குழிகள் எங்கே இருக்கின்றன என்று புரியும். சொற்களுக்குத் தனியாக அலைய வேண்டாம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பெயரிலேயே போக்கும் வரத்தும் இருக்கின்றன. வரவுசெலவுத் திட்டம், ஏற்றுமதி இறக்குமதி, கொடுக்கல்வாங்கல், மேடுபள்ளம் என்று செய்தித்தாளின் ஒரு பக்கத்தில் நாலைந்து இணைகளாவது கிடைக்கும்.

கறுப்புக்கு வெள்ளை எதிர். சிவப்புக்கு?

பொதுவாக எதுவுமில்லை. ‘நில் : செல் :: சிவப்பு : ?’ என்று வந்தால் பச்சை என்று எழுதுங்கள். அங்கே முதல் இணை சாலை விளக்கைக் காட்டிவிட்டது.