எல்டிஎல் 108தான், அப்புறம் எப்படி அடைப்பு?

அப்பாவுக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 108தான், பிறகு எப்படி இதயக் குழாயில் அடைப்பு, வைட்டமின் ஈ மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் குழப்பம் நியாயமானது.

அந்த எண் ரத்தத்தில் ஓடுவதை மட்டும்தான் சொல்கிறது. குழாய்ச் சுவருக்குள் புகுந்து தங்கிவிட்ட எல்டிஎல் அங்கே ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்டுப்போகிறது. அதை மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல்கள் விழுங்குகின்றன. கெடாத எல்டிஎல்லை எடுக்கும் செல், போதும் என்றதும் வாசலைச் சாத்திக்கொள்ளும். கெட்டுப்போனதை இழுக்கும் சிடி36 போன்ற வாசல்களுக்கு அந்தத் தாழ்ப்பாளே கிடையாது. தின்றுகொண்டே இருந்து, கொழுப்புத் துளிகளால் உப்பி, மேக்ரோஃபேஜ் நுரை செல்லாகிவிடும். இவை சேர்ந்து குவிவதுதான் அடைப்பின் தொடக்கம். அந்தச் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் தடுமாறி அழற்சியை வளர்க்கிறது. உள்ளே கொலஸ்ட்ரால் படிகமானால் அழற்சியைத் தூண்டும் இன்டர்லியூகின்-1பீட்டா என்ற புரதம் வெளியாகும். 2017இல் வந்த கேன்டோஸ் ஆய்வில் அதை மட்டும் தடுத்தார்கள். எல்டிஎல் குறையாமலேயே மாரடைப்பு குறைந்தது.

வைட்டமின் ஈ வேண்டாம். 2000இல் வெளியான ஹோப் ஆய்வில் தினம் 400 யூனிட் கொடுத்தும் இதயத்துக்குப் பலன் இல்லை. அடைப்பு உள்ளவருக்கு 108 அதிகம்தான். 70க்குக் கீழே கொண்டுவரச் சொல்வார்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை எழுதித் தந்திருந்தால் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். சிகரெட் இருந்தால் உடனே விடச் சொல்லுங்கள்.