அம்மா சாகும் எபிசோடைக் குழந்தைக்குக் காட்டலாமா?

சகோ, பாட்டி இறந்ததிலிருந்து "அம்மாவும் செத்துப்போயிடுவாங்களா?" என்று 8 வயது மகள் தினமும் கேட்கிறாள், 'வயலட் எவர்கார்டன்' என்ற ஜப்பானிய அனிமே தொடரின் 10வது எபிசோடைக் காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பேன். அதில் சாவது பாட்டி இல்லை, அம்மாவேதான். அவளுடைய மகள் ஆனின் வயது 7. பயந்திருக்கிற பிள்ளைக்கு அது நேராகப் போய் இடிக்கும்.

முதலில் நீங்களும் மனைவியும் பாருங்கள். (கைக்குட்டை அவசியம், நான் இரண்டு தடவையும் தோற்றேன்.) நோயாளி அம்மா, பிறருக்காகக் கடிதம் எழுதித்தரும் வயலட்டை வரவழைத்து ஏழு நாள் உட்கார்ந்து கடிதம் எழுதவைக்கிறாள். இருக்கிற கொஞ்ச நாளையும் கடிதம் தின்கிறதே என்று ஆனுக்குக் கோபம். அழுதுகொண்டு ஓடுகிறாள். பின்னாலேயே போகும் வயலட், 'எல்லாம் சரியாகிவிடும்' என்று பொய் சொல்வதில்லை. தன் செயற்கை இரும்புக் கை மென்மையான கையாக மாறாது, அதுபோல அம்மாவின் நோயும் தீராது என்கிறாள். சொல்லிவிட்டு அணைத்துக்கொள்கிறாள். உங்கள் மகளுக்குத் தேவை அந்த இரண்டும்தான். "எல்லாரும் ஒருநாள் போவோம்டா, இப்போ அம்மா இங்கேதான் இருக்கேன்" என்று மடியில் வைத்துச் சொல்லுங்கள்.

அம்மா எழுதவைத்த அந்தக் கடிதங்கள் 50, அவள் போனபிறகு வருடத்துக்கு ஒன்றாக ஆனின் பிறந்தநாளுக்கு வரும். பாட்டி கையெழுத்தில் ஒரு சமையல் குறிப்போ கணக்கு நோட்டோ கிடைத்தால் எடுத்துவையுங்கள், உங்கள் மகள் பிறந்தநாளுக்குக் கொடுக்கலாம். எபிசோட் இரண்டு வருடம் கழித்துப் போதும்.