புதிதாக டிஜிட்டல் கேமரா வாங்கியவர் எதிலிருந்து கற்கத் தொடங்கலாம்?

கையேட்டைப் படித்தும் பொத்தான்களின் பயன் விளங்கவில்லை, ஆட்டோ முறையிலேயே எடுத்துக்கொண்டிருக்கிறேன், தருமபுரியில் பழகுவதற்கு ஏற்ற இடம் எது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒகேனக்கல்லுக்குச் செல்லுங்கள். அங்கே முதலில் கற்க வேண்டியது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும், கூட்டல் கழித்தல் குறியிட்ட எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பொத்தானை மட்டும்தான் என்பது என் கருத்து. மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் ஒளிமானிக்குத் தன் எதிரே இருப்பது வெள்ளைப் பொருளா கரிய பொருளா என்று தெரியாது. எதைக் கண்டாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறமாகப் பதியும்படியே ஒளியைக் கணக்கிடும். அதனால், அருவியின் நுரை படச்சட்டம் முழுவதையும் நிறைக்கும்படி எடுத்தால் வெள்ளை நீர் அழுக்கேறிய வேட்டியைப் போல மங்கித் தெரியும். நிழலில் கிடக்கும் கரும்பாறையை மட்டும் எடுத்தால் அது வெளிறிப்போகும். டயலை, லென்ஸின் துளையான அபெர்ச்சரை நாம் தேர்ந்தெடுக்க, ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் கதவு) வேகத்தைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் அபெர்ச்சர் பிரையாரிட்டிக்குத் திருப்பி (சில கேமராக்களில் இது ஏ என்றும், கேனானில் ஏவி என்றும் இருக்கும்), அபெர்ச்சரை எஃப் 8 (எண் கூடினால் துளை சிறுக்கும்), ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 200 என வைத்து, நுரைக்குக் கூட்டல் 1, பாறைக்குக் கழித்தல் 1 என்று மாற்றி எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முழு எண்ணுக்கும் ஒளி இருமடங்காகும் அல்லது பாதியாகும்.

பெரும்பகுதி பாறையும் நடுவே ஒரு கீற்று நுரையுமாக இருக்கும் காட்சியில்தான் சிக்கல். பாறையை நம்பி ஒளிமானி ஒளியைக் கூட்டிவிடுவதால், நுரை விவரமே இல்லாத வெள்ளைத் திட்டாகிவிடும். படத்தின் இருளை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டி நின்றால் சிறிது கழியுங்கள். ஏனெனில் இருண்ட பகுதியைப் பின்னர் கணினியில் ஓரளவு மீட்கலாம், வெந்துபோன வெள்ளையை மீட்க முடியாது.

நீரைப் பட்டுப்போல வழியவிட எல்லோரும் ஆசைப்படுவார்கள். அதற்குக் கால் நொடி அளவுக்கு ஷட்டர் திறந்திருக்க வேண்டும். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 22 என்று வைத்தாலும் ஏறக்குறைய 1/50 நொடியைவிட அதிக நேரம் ஷட்டரைத் திறந்துவைக்க முடியாது. ஆகவே டிரைபாடுடன் அதிகாலையிலோ மாலை மங்கும் நேரத்திலோ முயலுங்கள். பரிசலில் இருந்து எடுப்பதென்றால் அதற்கு நேர்மாறாக 1/500 நொடி அல்லது அதைவிட வேகம் தேவை, ஐஎஸ்ஓவைத் தயங்காமல் உயர்த்தலாம். சாரல் லென்ஸில் படியும் என்பதால் உலர்ந்த மெல்லிய துணி ஒன்றையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒகேனக்கல் தொலைவென்றால், நம் பக்கத்து வயலோரங்களில் நிற்கும் நடுகற்களும் நல்ல பாடமே. நேரே ஃபிளாஷ் அடித்தால் வீரனின் வாளும் வில்லும் கல்லோடு கல்லாகத் தட்டையாகிவிடும். காலையில் பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெயிலில் அதே செதுக்கல் தெளிவாக எழுந்து நிற்கும்.

வீடு திரும்பியதும் படங்களை உடனே அழித்துவிடாதீர்கள். ஷட்டர் வேகம், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ, நீங்கள் கூட்டிய அல்லது கழித்த அளவு ஆகிய எல்லாம் ஒவ்வொரு கோப்பிலும் பதிவாகியிருக்கும்; ஒரே காட்சியின் இரண்டு படங்களைக் கணினியில் அருகருகே திறந்து, அந்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.