இன்சாஸ், எஸ்எல்ஆர், ஏகே-47 மூன்றில் சுடுவதற்கு எது நல்ல ரைபிள்?

கேள்வி கேட்ட தம்பி, ஏகே-47-ஐத் தலையில் தூக்கிவைத்தும் நம் ராணுவத்து இன்சாஸைத் திட்டியும் வருகிற வீடியோக்களைப் பார்த்துக் குழம்பிப்போய், மூன்றையும் சுட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். நான் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது அம்பாசமுத்திரம் பக்கம் வயலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்றையும் சுட்டிருக்கிறேன், பயல்களுக்குச் சுடச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். குறி பார்த்து அடிக்க வேண்டும் என்றால் என் கை இன்சாஸைத்தான் எடுக்கும். எங்கள் ஊர் டீக்கடையில் இதைச் சொன்னால் ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். "என்ன அண்ணாச்சி, கார்கில்ல அதுதான் காலை வாரிச்சுன்னுல்லா சொல்லுதாவ" என்பார்கள். அதற்கும் வருகிறேன்.

முதலில் எஸ்எல்ஆர். ரிக்ரூட்டாக வெலிங்டன் போனதும் என் கையில் கொடுத்த ரைபிள் அது. பெல்ஜியத்து எஃப்ஏஎல் ரைபிளை வைத்து இஷாப்பூரில் செய்தது, 1962 சீனப் போருக்கு அப்புறம் பழைய த்ரீ நாட் த்ரீ ரைபிள் இருந்த இடத்துக்கு வந்தது. ஒரு மீட்டருக்கும் மேல் நீளம், மேகசின் மாட்டாமலே நாலு கிலோவைத் தாண்டும், 7.62 மில்லிமீட்டர் குண்டு வினாடிக்கு 800 மீட்டருக்கு மேல் வேகத்தில் போகும். முந்நூறு மீட்டரில் விழுந்தாலும் அந்த அடியில் மிச்சம் நிறைய இருக்கும், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அது தோளுக்கும் ஒரு பங்கு கொடுக்கும். பட் என்கிற பின்கட்டையைத் தோள் குழியில் இறுக்கி வைக்காமல் சும்மா சாய்த்து வைத்துச் சுட்டால் முதல் ரவுண்டிலேயே காறை எலும்பில் இடிக்கும், ராத்திரி சட்டையைக் கழற்றினால் அந்த இடம் கன்றி நீலம் பாரித்திருக்கும்.

அந்த வலிகூடப் பெரிதில்லை, நாலு நாளில் போய்விடும். ஒரு தடவை இடி வாங்கின பயல் அடுத்த ரவுண்டுக்கு டிரிகர் இழுக்கும் முன்னாலேயே கண்ணை மூடித் தோளைச் சுருக்க ஆரம்பித்துவிடுவான், அது லேசில் போகாது. கேட்டால் இல்லவே இல்லை என்பான். அதனால் அவனுக்குத் தெரியாமல் மேகசினுக்கு நடுவில் வெடிக்காத டம்மி ரவுண்டு ஒன்றைக் கலந்து கொடுப்போம். இரண்டு ரவுண்டு சத்தமாகப் போகும், மூன்றாவதுக்கு 'டக்' என்று வெறும் சத்தம் மட்டும் வரும், அந்த நேரத்தில் பேரல் முனை அரை ஜாண் கீழே குத்தும். ரைபிள் அசையக் காரணமே இல்லாதபோது முனை குத்துகிறது என்றால் குத்துவது அவன் கைதான், அதை அவனே தன் கண்ணால் பார்த்துவிடுவான். பார்த்த பிறகுதான் திருத்தவே முடியும்.

அதே மாதிரிப் பயல்கள் கையில் இன்சாஸைக் கொடுத்தபோது நடந்ததைத்தான் இந்தப் பதிலில் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். இன்சாஸ் 5.56 மில்லிமீட்டர், குண்டு சுமார் நாலு கிராம்தான், எஸ்எல்ஆர் குண்டு ஒன்பது கிராமுக்கு மேல். உதை பாதிகூட இருக்காது. கண்ணை மூடுகிற பழக்கமே வராது, வந்தாலும் சீக்கிரம் போய்விடும். எஸ்எல்ஆரில் டார்கெட் பூராவும் சிதறடித்த ஒல்லிப் பயல்கள் இன்சாஸில் நூறு மீட்டர் குரூப்பிங்கில் ஐந்து ரவுண்டையும் உள்ளங்கை அகலத்துக்குள் போட்டதை, டார்கெட் பக்கத்துக் குழியான பட்ஸில் நின்று நான் பார்த்திருக்கிறேன். ரவுண்டை ஏற்ற இழுக்கிற காக்கிங் ஹேண்டில் இடது பக்கம் இருப்பதால் வலது கையைப் பிடியிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. மேகசின் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக், எத்தனை ரவுண்டு மிச்சம் என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

சரி, கார்கில். 1999-இல் அந்தக் குளிரில் இன்சாஸ் மேகசின்கள் வெடிப்பு விட்டதும், ரைபிள் மாட்டிக்கொண்டதும், சுடும்போது எண்ணெய் கண்ணில் தெறித்ததும் உண்மை. உயிரைக் கொடுக்கப் போனவன் கையில் அப்படி ஒரு பொருளைக் கொடுத்தது பெரிய தவறு, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை, இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் வெடித்தது மேகசின் பிளாஸ்டிக். பேரலும், குறி பார்க்கிற சைட்டும் குறி தவறியதாக நான் ஒரு நாளும் காணவில்லை. உள்ளே சுழல்கிற போல்ட் ஏகே மாதிரி, வெடி வாயுவைக் கூட்டிக் குறைக்கிற கேஸ் ரெகுலேட்டர் எஃப்ஏஎல் மாதிரி, ராணுவத்துக்கு ஆயுதம் வடிவமைக்கிற புனே ஏஆர்டிஈக்காரர்கள் யோசித்துத்தான் சேர்த்திருக்கிறார்கள். நம்ம திருச்சித் தொழிற்சாலையிலும் இதைச் செய்தார்கள். செய்நேர்த்தியில் விட்ட குறைக்கு டிசைனை முழுக்க ஒதுக்குவது நியாயமில்லை.

அப்புறம் ஏகே-47. காஷ்மீரில் ரோந்து போனால் எல்லோருக்கும் அதுதான் வேண்டும், எனக்கும் அதுதான் வேண்டும். குட்டை ரைபிள், முப்பது ரவுண்டு, வீட்டுக்குள் நுழைந்தால் கதவில் இடிக்காது. நம் பக்கத்து மண்வெட்டி மாதிரி, சேற்றில் விழுந்தாலும் எடுத்து உதறிவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஆனால் சேஃப்டி லீவரை இறக்கினால் சத்தம் பக்கத்து ஆளுக்குக் கேட்கும், அதுவும் முதலில் ஆட்டோவுக்குப் போய் அதற்கும் கீழேதான் சிங்கிள் வரும், பழகாதவன் ஒரு ரவுண்டு என்று நினைத்து மூன்று நாலை விட்டுவிடுவான். பின் சைட் வெறும் வெட்டுக்குழி, எஸ்எல்ஆர், இன்சாஸில் இருக்கிற துளை சைட் கிடையாது. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவில் 38 சென்டிமீட்டர்தான், எஸ்எல்ஆரில் அரை மீட்டருக்கு மேல். இந்த இடைவெளி குறையக் குறையக் கண்ணில் வருகிற சின்னப் பிசகு டார்கெட்டில் பெரிதாகும். குண்டின் வேகமும் வினாடிக்கு 715 மீட்டர்தான், முந்நூறு மீட்டருக்குள் நன்றாகவே இறங்கிவிடும். நூறு மீட்டருக்குள் ராஜா, அதற்கு அங்கிட்டு மற்ற இரண்டும்தான்.

இந்த வீடியோக்கள் எதிலும் சொல்லாத ஒன்று ஸீரோயிங், அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சைட்டைச் சரி செய்வது. ஸீரோ பார்க்காத மூன்று ரைபிளை வரிசையாகச் சுட்டுவிட்டு எது நல்லது என்று தீர்ப்புச் சொல்வதில் அர்த்தமே இல்லை. ஐந்து ரவுண்டும் ஒன்றாகச் சேர்ந்து, ஆனால் நடுவை விட்டு விலகி விழுந்தால் சுட்டவன் சரி, சைட்டைத்தான் திருத்த வேண்டும். சிதறி விழுந்தால் சைட்டைத் தொடவே கூடாது, ஆளைத்தான் திருத்த வேண்டும். குண்டு மேலே போகிறதா, முன் சைட்டை உயர்த்து, கீழே போகிறதா, இறக்கு. புதுசாக வருகிறவர்கள் எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் செய்வார்கள்.

இன்சாஸின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. 2019-இல் சிக் 716 ரைபிள் வாங்கினார்கள், அது மறுபடியும் எஸ்எல்ஆரின் அதே 7.62 குண்டு. அமேதி பக்கம் கோர்வாவில் ஏகே-203 செய்கிறார்கள். போர்முனைக்கு அவை சரியாக இருக்கலாம், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் புதுப் பயலுக்குச் சுடச் சொல்லிக் கொடுக்க இன்சாஸ் மாதிரி ஒன்று பயிற்சி மையங்களில் இருந்தே ஆக வேண்டும்.

தம்பி, இந்த ரைபிள்கள் எல்லாம் 'ப்ரொஹிபிட்டட் போர்', அதாவது தடை செய்யப்பட்ட குழல் அளவு, தோட்டத்துக்குப் பன்றி வருகிறது என்று லைசென்ஸ் கேட்டாலும் இவை கிடைக்காது. சுட்டுப் பார்க்க ஆசை இருந்தால், பாளையங்கோட்டையில் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் என்சிசி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அங்கே பாயிண்ட் டூ டூ ரைபிள் கொடுப்பார்கள், உதையே தெரியாது. இருபத்தைந்து மீட்டரில் ஐந்து ரவுண்டு. பெயர் எழுதும்போது ஃபயரிங்குக்குக் கையைத் தூக்குங்கள், அதோடு பட்ஸ் வேலைக்கும் ஒரு நாள் போங்கள், மற்றவன் சுட்டது எங்கே விழுகிறது என்று டார்கெட் பக்கத்திலிருந்து பார்க்கலாம்.