பறவையும் உளியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மைனா, சிட்டு, கரிச்சான் என்று தினமும் பார்க்கும் பறவைகளையே மரத்தில் செதுக்குகிறீர்கள். அரிய பறவைகளைத் தேடிப் போகும் ஆசை இல்லையா?

பார்க்கும் ஆசை நிறைய உண்டு. ஆனால் அரிய பறவை கண்ணில் பட்ட வேகத்தில் பறந்துவிடும். நிறம் மனதில் நிற்கும்; நெஞ்சு எங்கே பருத்திருந்தது, உட்காரும்போது வால் எவ்வளவு தாழ்ந்தது என்று யாராவது கேட்டால் பதில் இருக்காது. செதுக்குபவருக்கு அதுதான் வேண்டும்.

மைனா காலையில் மதில்மேல் வரும், மழை விட்டதும் மறுபடி வரும். அது காலை மாற்றி மாற்றி வைத்து, தலையை முன்னே நீட்டி நீட்டி நடக்கும். சிட்டு தரையில் இரண்டு காலையும் சேர்த்துத் தத்தும். அதனால் மைனாவுக்கு ஒரு காலை முன்னால் வைத்துச் செதுக்கலாம். சிட்டுக்கும் அப்படி வைத்தால், எவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்தாலும் அது சிட்டாகத் தெரியாது. கரிச்சானோ கம்பியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். பூச்சியைக் கண்டால் பாய்ந்து பிடித்துவிட்டுப் பெரும்பாலும் பழைய இடத்துக்கே வந்துவிடும். நோட்டும் பென்சிலுமாகக் காத்திருப்பவருக்கு இதைவிட நல்ல பறவை கிடையாது. ஒவ்வொரு முறை அது வந்து உட்காரும்போதும் விட்ட கோட்டைத் தொடரலாம்.

கேள்வி: உடம்பு நன்றாக வருகிறது. கடைசியில் அலகு உடைந்துவிடுகிறது. என்ன செய்வது?

கத்தியைக் குறை சொல்லாதீர்கள், மரத்தின் நார் ஓடும் திசையைப் பாருங்கள். அலகின் அடியிலிருந்து நுனிவரை நார் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் அலகு என்பது வரிசையாக ஒட்டிய சின்னச் சின்னத் துண்டுகள்தான். விரல் பட்டாலே கழன்றுவிடும். ஆகவே கட்டையில் படம் வரையும்போதே அலகும் வாலும் நாரோடு போகும்படி வரைந்துகொள்ளுங்கள். பறவை தலையைத் திருப்பிப் பார்ப்பதுபோல் வேண்டுமா? தலையைத் தனிக் கட்டையில், அலகின் போக்கில் நார் வரும்படி செதுக்கிக் கழுத்தில் ஒட்டுவதே நல்லது. இறகு வரிகள் அந்த ஒட்டை மறைத்துவிடும்.

அப்புறம், அலகை முதலிலேயே மெலிதாக்கிவிட வேண்டாம். உடம்பு முடியும்வரை அது தடித்த குச்சியாகவே இருக்கட்டும். கடைசி மெலிவை உப்புத்தாளால் கொண்டுவரலாம். மரமும் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும்; ஈரம் இருந்தால் செதுக்கி வைத்த பிறகும் வெடிக்கும். ஆரம்பிப்பவர்களுக்கு வெட்பாலை போல வெளுத்த, நெருங்கிய நாருள்ள மரம் கைக்கு இசைவானது. கட்டையைப் பிடிக்கும் கையில் வெட்டுத் தாங்கும் கையுறை கட்டாயம்.

கேள்வி: எங்கள் பக்கம் குளமே இல்லை. ஆனாலும் ஒரு மீன்கொத்தி தினமும் வருகிறது. அதன் நீலம் எனக்குப் பெயின்டில் வரவே மாட்டேன் என்கிறது.

நெஞ்சு வெள்ளை, தலை பழுப்பு, அலகு சிவப்பு என்றால் அது வெண்மார்பு மீன்கொத்தி. அதற்கு மீன்தான் வேண்டும் என்பதில்லை. வெட்டுக்கிளி, ஓணான், பல்லி எல்லாம் இரைதான். பிடித்ததை உட்காரும் கிளையில் அடித்து அடித்து விழுங்குவதை ஒருமுறை நின்று பாருங்கள். அந்தக் கனத்த அலகும் பெரிய தலையும் எதற்கென்று உங்களுக்கே விளங்கும்.

நீலத்துக்கு வருவோம். அந்த இறகில் நீலச் சாயமே கிடையாது. இறகுக்குள் இருக்கும் மிக நுண்ணிய அமைப்பில் ஒளி சிதறி நீலம் மட்டும் நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. அடியில் இருக்கும் கருநிறமி மிச்ச ஒளியை விழுங்கிவிடுவதால் அது இன்னும் பளிச்சென்று தெரிகிறது. நீங்களும் அதே வரிசையில் போங்கள்: முதலில் கருப்புக்கு நெருங்கிய அடிப்பூச்சு, அது காய்ந்ததும் தண்ணீர் கலந்த அக்ரிலிக் நீலம், மெல்லிய அடுக்குகளாக. வெள்ளை மரத்தில் நேரே நீலத்தைப் பூசினால் அது பொம்மை நீலமாக நின்றுவிடும்.

கேள்வி: என் மகள் செதுக்கிய கொக்குக்கு முழங்கால் பின்பக்கம் மடிகிறது. திருத்தச் சொல்லட்டுமா?

வேண்டாம், அவள் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள்! நாம் முழங்கால் என்று நினைப்பது உண்மையில் கணுக்கால். நிஜ முழங்கால் மேலே, உடம்பை ஒட்டி இறகுக்குள் மறைந்திருக்கும். பறவை தன் விரல்களால்தான் நிற்கிறது. அந்தக் கொக்கை ஒரு நல்ல பலகையில் நிறுத்திக் கொடுங்கள்.

கேள்வி: பறவை பொம்மை செய்வது புதிய பொழுதுபோக்கா?

இல்லை. அமெரிக்காவில் நெவாடாவின் லவ்லாக் குகையில் 1924-இல் கோரையால் செய்த வாத்து உருவங்கள் கிடைத்தன. வயது ஏறத்தாழ 2000 ஆண்டுகள். நிஜ வாத்துகளைத் தண்ணீருக்கு இறக்க வேட்டைக்காரர்கள் செய்தவை. வாத்தே நம்பும்படி செய்ய வேண்டுமானால் எவ்வளவு உற்றுப் பார்த்திருப்பார்கள்!

கேள்வி: ஒரு பறவை ஜன்னல் கண்ணாடியை விடாமல் கொத்துகிறது. பசியா?

பசியில்லை. தன் பிம்பத்தை எல்லைக்குள் புகுந்த எதிரி என்று நினைக்கிறது. கூடு கட்டும் காலத்தில் இது அதிகம். உள்ளே திரை போட்டால் பயன் குறைவு. பிம்பம் தெரியாதபடி கண்ணாடியின் வெளிப்பக்கத்தைச் சில நாள் காகிதத்தாலோ துணியாலோ மூடுங்கள்.