மிகச் சிறிய பிஸ்டல்தான் வசதியானதா?

கேள்வி: தற்காப்புக்காகத் துப்பாக்கி உரிமம் வாங்கியிருக்கிறேன். வெளியே தெரியாமல் எடுத்துச் செல்ல, இருப்பதிலேயே சிறிய பிஸ்டலை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டால் போதும் என்கிறார் கடைக்காரர். சரியா? – ஒரு வாசகி

முதலில் உங்கள் உரிமத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். துப்பாக்கியைச் சொந்தமாக வைத்திருக்க அனுமதி வேறு, மறைத்து எடுத்துச் செல்ல அனுமதி வேறு என்று பல இடங்களில் சட்டம் பிரித்து வைத்திருக்கிறது. அது தெளிவான பிறகு மேலே படிக்கலாம்.

கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. சிறிய பிஸ்டலை மறைப்பது எளிது. அதைச் சுடுவதுதான் கடினம். எடை குறையக் குறைய, அதே தோட்டாவின் பின்னுதைப்பு கையில் கூடுதலாகத் தெரியும். பிடி குட்டையாக இருப்பதால் சுண்டுவிரலுக்கு இடமிருக்காது. ஒவ்வொரு முறை சுட்டதும் பிடி உள்ளங்கையில் நழுவும். குறி பார்க்கக் குழலின் மேல் முன்னும் பின்னும் இருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி குறைவு என்பதால், குறி பார்ப்பதில் நேரும் சிறு பிசகு இலக்கில் பெரிதாகிவிடும். அத்தகைய துப்பாக்கி பழகிய கைக்கானது. தொடங்குபவருக்கு 9 மி.மீ. தோட்டா போடும் நடுத்தர அளவுள்ள பிஸ்டலைத்தான் சொல்வேன்.

பெண்களுக்குச் சிறு ரிவால்வர்தான் (சுழலும் உருளையில் தோட்டா போடும் கைத்துப்பாக்கி) ஏற்றது என்றும் யாராவது சொல்லக்கூடும். பெரும்பாலும் 5 தோட்டா கொள்ளும் அந்தச் சிறு ரிவால்வரில், பின்னாலுள்ள சுத்தியலை முன்கூட்டியே இழுத்து வைக்காமல் சுட்டால் விசையை (டிரிக்கர்) அழுத்த நல்ல பலம் வேண்டும். வாங்குமுன், தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ரிவால்வரானால் விசையையும் பிஸ்டலானால் ஸ்லைடையும் (பின்னுக்கு நகரும் மேல்பகுதி) இழுத்துப் பாருங்கள். திணறினால் அது உங்களுக்கானதல்ல.

கைப்பை யோசனையை நான் ஏற்கவில்லை. பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து போவோம், குழந்தை திறக்கும், பறிப்பவன் பறிப்பதும் அந்தப் பையைத்தான். சாவியோ பேனாவோ விசையைச் சுற்றியுள்ள வளையமான விசைக் காப்புக்குள் நுழைந்தால் துப்பாக்கி தானாகவே வெடிக்கலாம். வேறு வழியே இல்லை என்றால், வேறெதுவும் வைக்காத தனி அறையும் அதற்குள் பொருத்திய துப்பாக்கி உறையும் உள்ள பை வேண்டும். அதுவும் தோளைவிட்டு இறங்கக் கூடாது.

இடுப்பில் அணிவதே நல்லது. அதற்கு உறையைத் துப்பாக்கிக்குக் காட்டும் அதே அக்கறையோடு தேர்ந்தெடுக்க வேண்டும். விசைக் காப்பு முழுவதையும் அது மூடியிருக்க வேண்டும். துப்பாக்கியை எடுத்த பிறகும் உறையின் வாய் திறந்தே நிற்க வேண்டும். பழைய தோல் உறை இளகி, அதன் விளிம்பு உள்ளே மடியும்; துப்பாக்கியைத் திருப்பிச் செருகும்போது அந்த மடிப்பே விசையை அழுத்திவிடும். மேலங்கியில் தொங்கும் கயிறும் இதே வேலையைச் செய்யும். ஆகவே விரலை விசையிலிருந்து விலக்கி, உடையை ஒதுக்கி, கண்ணால் பார்த்து, மெதுவாகச் செருகுங்கள். அவசரமாகத் திருப்பி வைக்க ஒரு காரணமும் கிடையாது. உறையைத் தாங்க விறைப்பான பெல்ட்டும் தேவை. தொளதொளவென்ற பெல்ட்டில் துப்பாக்கி சாயும், கை அடிக்கடி அங்கே போகும். சட்டைக்கு மேல் தெரியும் புடைப்பைவிட அந்தக் கைதான் உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

வீட்டில் இடுப்பிலிருந்து எடுத்ததும் பூட்டுள்ள பெட்டிக்குள் வையுங்கள். பயிற்சிக்கு மலிவான தோட்டா போதும். ஆனால் தற்காப்புக்கென்று வாங்கும் குழிமுனைத் தோட்டா (முனையில் குழி உள்ளது) சில பிஸ்டல்களில் சிக்கிக்கொள்ளும். அதையும் சில மேகசின்கள் (தோட்டா அடுக்கும் பெட்டி) அளவுக்குத் தடங்கலின்றிச் சுட்டுப் பார்த்த பிறகே எடுத்துச் செல்லுங்கள்.