ஐசியூல பேஷண்டோட சொந்தக்காரங்க கத்துறாங்க, மிரட்டுறாங்க... நர்ஸ் என்ன பண்றது?

மதுரை பக்கம் ஒரு பிரைவேட் ஹாஸ்பிட்டல் ஐசியூல ஸ்டாஃப் நர்ஸா இருக்கிற தங்கச்சி ஒருத்தங்க கேட்டிருக்காங்க. 62 வயசு பேஷண்ட், நிமோனியா, ஒரு வாரத்துக்கு மேல வென்டிலேட்டர்ல இருக்கார். மூத்த மகன் விசிட்டிங் டைம்ல உள்ள வந்தா நகர மாட்டாராம், ட்ரிப் சொட்டை எண்ணுவாராம், அலாரம் அடிச்சா ஏன் ஓடி வரலன்னு கத்துவாராம், ஃபோன்ல வீடியோ வேற எடுக்கிறார். பொண்ணு வெளிநாட்டுல, ராத்திரி 2 மணிக்கு போன் போட்டு அரை மணி நேரம் கேள்வி கேக்குறாங்க. நேத்து ஜூனியர் புள்ளைய "நீயெல்லாம் படிச்சுட்டுதான் வந்தியா"ன்னு கேட்டு அழ வெச்சுட்டாராம். "அந்த பெட்டை எனக்கு போட்டாலே வயித்த கலக்குது, எப்படி சமாளிக்கிறது அக்கா"ன்னு முடிச்சிருக்காங்க.

வயித்த கலக்குறது நியாயம்தான் மா. ஐசியூல வேலை பாத்த எல்லாருக்கும் இப்படி ஒரு பெட் இருந்திருக்கும், உங்களுக்கு தைரியம் பத்தலன்னு நினைச்சுக்காதீங்க.

மொதல்ல ஒண்ணு பண்ணுங்க, அவர் எப்ப எப்ப கத்துறார்னு ரெண்டு நாள் கவனிங்க. ஷிஃப்ட் மாறி புது முகம் வந்தப்பவா, பில்லிங் கவுண்டர்ல கூப்பிட்டு பணம் கட்ட சொன்னப்பவா, இல்ல நேத்து இல்லாத ஒரு டியூப் இன்னிக்கு கழுத்துல இருக்கிறத அவரா பாத்து தெரிஞ்சுக்கிட்டப்பவா? நான் பாத்த வரைக்கும் முக்கால்வாசி சண்டை இந்த மூணு நேரத்துலதான் வெடிக்கும். அந்த நேரத்துக்கு முன்னாடியே நீங்க போய் பேசிட்டா பாதி சண்டை வராது. ட்யூட்டி எடுத்த உடனே பேஷண்டை பாத்து முடிச்சுட்டு, அவர் கேக்குறதுக்கு முன்னாடி நீங்களே போய் "அண்ணே, இன்னிக்கு ராத்திரி 8 மணி வரைக்கும் அப்பாவ நான்தான் பாத்துக்கிறேன், காய்ச்சல் நேத்த விட குறைஞ்சிருக்கு, பிபிக்கு போற மருந்து அதே அளவுல ஓடுது, டாக்டர் 11 மணிக்கு மேல ரவுண்ட்ஸ் வருவார், வந்ததும் உங்கள கூப்பிடுறேன்"னு சொல்லுங்க. சொன்னா கூப்பிடணும், இதுதான் ரொம்ப முக்கியம். டாக்டர் லேட்டுன்னா "ஆபரேஷன் கேஸ்ல இருக்கார், 1 மணி ஆகும்"னு அதையும் போய் சொல்லுங்க.

அலாரம் விஷயத்துக்கு வரேன். நமக்கு அது நாள் பூரா கேக்குற சத்தம், ரத்தத்துல ஆக்சிஜன் அளவு (சாச்சுரேஷன்) பாக்க விரல்ல மாட்டுன ப்ரோப் நழுவுனாலும் அடிக்கும், பேஷண்ட் இருமுனாலும் வென்டிலேட்டர் அடிக்கும். நாம என்ன பண்றோம், போறோம், சைலன்ஸ் பட்டனை அமுக்குறோம், ஒண்ணும் பேசாம அடுத்த பெட்டுக்கு போயிடுறோம். பக்கத்துல நிக்கிற மகன் கண்ணுக்கு, அப்பாவுக்கு ஆபத்துன்னு மிஷின் கத்துது, இந்த பொண்ணு வாயை மூடிட்டு போகுது, அவ்ளோதான் தெரியும். அதே இடத்துல "விரல்ல இருக்கிறது நழுவிடுச்சுண்ணே, அதான் சாச்சுரேஷன் கம்மியா காட்டுச்சு, இப்ப மாட்டிட்டேன் பாருங்க, 96 வந்துடுச்சு"ன்னு சொல்ல பத்து செகண்ட் ஆகுமா? கூடவே "மஞ்ச கலர்ல அடிச்சா நாங்க பாத்துட்டு வருவோம், செவப்புல அடிச்சா எந்த வேலைல இருந்தாலும் ஓடி வருவோம்"னு உங்க மானிட்டர் செட்டிங் படி சொல்லி குடுத்துடுங்க. கையை கட்டி வெச்சிருந்தா அதையும் அவர் பாக்குறதுக்கு முன்னாடி சொல்லுங்க, டியூப்பை பிடுங்கிடக் கூடாதுன்னுதான் கட்டியிருக்குன்னு. திடீர்னு பாத்தா யாருக்குமே தாங்காது.

இன்னொன்னு நம்ம ஊர்ல எல்லார் மனசுலயும் இருக்கு, வாய்விட்டு கேக்க மாட்டாங்க. "ஆள் போயிட்டாரு, பில்லுக்காக மிஷின்ல வெச்சிருக்காங்களோ"ங்கிற சந்தேகம். ட்ரிப் சொட்டை எண்றவர், வீடியோ எடுக்கிறவர் மனசுல பெரும்பாலும் இதுதான் ஓடும். இதுக்கு கோவப்படாதீங்க, கைய கழுவ சொல்லிட்டு அப்பா மணிக்கட்டுல அவர் விரலை வெச்சு நாடிய பாக்க சொல்லுங்க, மயக்க மருந்து ஓடுறதால கண்ணு திறக்கலன்னு விளக்குங்க. இன்ஃபெக்‌ஷன் ரூல்ஸ் ஒத்துக்கிட்டா முகம் துடைக்க, காலுக்கு எண்ணெய் தேய்க்க, காதுகிட்ட பேச விடுங்க. சும்மா நிக்கிற கைக்கு வேலை குடுத்தா எண்றது தானா நிக்கும். விபூதிய நெத்தியில வெக்கலாம், வாய்ல, டியூப் கிட்ட கூடாதுன்னு தெளிவா சொல்லிடுங்க, மொத்தமா மறுத்தா அது வேற சண்டை ஆயிடும். வீடியோவுக்கு மட்டும் பக்கத்து பெட் பேஷண்டோட ப்ரைவசிய சொல்லி நிறுத்த சொல்லுங்க, கேக்கலன்னா ஃபோனை பிடுங்க போகாதீங்க, இன்சார்ஜ் சிஸ்டரை கூப்பிடுங்க.

டாக்டர் பேசியும் அவங்களுக்கு புரியலயேன்னு நீங்க நினைக்கலாம். 2000-ல பிரான்ஸ்ல வந்த ஒரு ஆய்வுல டாக்டர் பேசி முடிச்ச பிறகும் பாதிக்கு மேல குடும்பங்களுக்கு நோய் என்ன, நிலைமை என்ன, என்ன வைத்தியம் நடக்குதுங்கிறதுல ஏதோ ஒண்ணு புரியவே இல்ல. அதனால திரும்பத் திரும்ப அதே கேள்விய கேக்குறது வேணும்னு பண்றதில்ல, தூக்கம் இல்லாத பயந்த மூளைல எதுவும் நிக்காது. அதே நாட்டுல 2007-ல 22 ஐசியூவுல, சாகுற நிலைமைல இருந்த பேஷண்டோட குடும்பங்கள வெச்சு இன்னொரு ஆய்வு பண்ணாங்க. ஒரு குரூப்புக்கு உக்கார வெச்சு சுமார் 30 நிமிஷம் மீட்டிங், அதுல கிட்டத்தட்ட 14 நிமிஷம் குடும்பத்தையே பேச விட்டாங்க, கையில ஒரு சின்ன புக்லெட்டும் குடுத்தாங்க. வழக்கமான முறைல 20 நிமிஷ மீட்டிங்ல குடும்பம் பேசினது 5 நிமிஷம்தான். 90 நாள் கழிச்சு போன் பண்ணி கேட்டப்ப, நிறைய பேச விட்ட குடும்பங்கள்ல பதட்டமும் மன அழுத்தமும் நல்லாவே குறைஞ்சிருந்துச்சு. கத்துறவரை பேச விட்டா இன்னும் ஏறிடுவார்னு நாம பயப்படுறோம், ஆனா முழுசா பேசி முடிக்க விட்டாதான் இறங்குவார்.

வெளிநாட்டுப் பொண்ணுக்கு வழி சிம்பிள். குடும்பத்துல ஒருத்தரை மட்டும் தகவலுக்குன்னு சொல்ல சொல்லுங்க, அவங்க ஊர் நேரம் பாத்து ஒரு டைம் ஃபிக்ஸ் பண்ணுங்க, பேசுறது ட்யூட்டி டாக்டர். போன்ல யாருன்னு தெரியாம நீங்க ரிப்போர்ட் சொல்லவே கூடாது. பொழைப்பாரா, எத்தனை நாள்ங்கிற கேள்விக்கும் நீங்க பதில் சொல்லாதீங்க, ஆறுதலுக்கு கூட "சரியாயிடும்"னு சொல்லாதீங்க, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா "சிஸ்டர் அன்னிக்கு சொன்னாங்களே"ன்னு வந்து நிப்பாங்க. "டாக்டர்கிட்ட கேளுங்க"ன்னு மொட்டையா விடாம "இந்த கேள்விய நான் எழுதி வெச்சுக்கிறேன், ரவுண்ட்ஸ்ல டாக்டர்கிட்ட நானே எடுத்து சொல்றேன்"னு சொல்லுங்க.

இவ்ளோவும் பயந்து போயிருக்கிற மனுஷனுக்கு. ஜூனியரை கேவலமா பேசினதுக்கு வேற பதில். குரலை ஏத்தாம, "உங்க கஷ்டம் புரியுது, கேள்வி எவ்ளோ வேணாலும் கேளுங்க, ஆனா எங்கள இப்படி பேசக் கூடாது, பேசினா நான் இன்சார்ஜையும் செக்யூரிட்டியையும் கூப்பிட வேண்டியிருக்கும்"னு ஒரு தடவை சொல்லுங்க, ரெண்டாவது தடவை கூப்பிட்டுடுங்க. தனியா அவர்கூட மூடின ரூமுக்குள்ள போகாதீங்க, கதவு உங்க பக்கம் இருக்கணும். 2024 நவம்பர்ல கிண்டி அரசு ஆஸ்பத்திரியில ஒரு பேஷண்டோட மகன் டாக்டரையே கத்தியால குத்தினது எல்லாருக்கும் தெரியும், அதனால மிரட்டலை சாதாரணமா எடுத்துக்க வேண்டாம். தமிழ்நாட்டுல 2008-லயே இதுக்குன்னு தனி சட்டம் இருக்கு, பிரைவேட் ஹாஸ்பிட்டல் நர்ஸுக்கும் அது பொருந்தும், அடிச்சா மட்டும் இல்ல, மிரட்டி வேலைய தடுத்தாலும் குற்றம்தான், குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 10 வருஷம் ஜெயில், ஜாமீன்ல வர முடியாத பிரிவு. நர்ஸஸ் நோட்ஸ்ல நேரத்தோட, அவர் சொன்ன வார்த்தைய அப்படியே எழுதுங்க. "அட்டெண்டர் சண்டை போட்டார்"னு எழுதினா பிரயோஜனம் இல்ல, நாளைக்கு அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

அந்த பெட்டை தினமும் ஒரே ஆளுக்கு போடாம மாத்தி விட சொல்லி இன்சார்ஜ்கிட்ட கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல, ஆனா தினம் ஒரு புது முகமாவும் ஆயிடக் கூடாது, ரெண்டு மூணு பேருக்குள்ள சுத்தட்டும். ஷிஃப்ட் மாறும்போது அடுத்த நர்ஸ்கிட்ட ஒப்படைக்கிற ஹேண்ட்ஓவர்ல மருந்தோட சேத்து "மகன்கிட்ட இன்னிக்கு இது இது சொல்லியிருக்கு"ன்னு ஒரு வரி சொல்லுங்க, காலைல ஒருத்தர் ஒண்ணு, ராத்திரி இன்னொருத்தர் வேறன்னு சொன்னா அங்கயே நம்பிக்கை போயிடும். நாளைக்கே கன்சல்டண்ட்கிட்ட சொல்லி குடும்பத்தை உக்கார வெச்சு ஒரு மீட்டிங் போட சொல்லுங்க, அந்த பொண்ணையும் வீடியோ கால்ல சேருங்க. மீட்டிங் நடக்கும்போது நீங்க வெளிய நின்னுடாதீங்க, உள்ள உக்காருங்க, டாக்டர் என்ன சொன்னார்னு உங்களுக்கு தெரிஞ்சாதான் ராத்திரி அவர் கேக்கும்போது அதையே சொல்ல முடியும்.